பதினேழு புத்தகமும் ஒரு நாற்காலியும்

பொது நூலகத்தின் நிலவறைக்குக் கீழக்கா முதன்முதலில் இறங்கியது ஒரு வாளி எடுக்கத்தான். கீழேயே இருந்து கீழக்கா என்று பெயர் வாங்கியது பிற்பாடு. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. மேலே இருந்த மூன்று மாடிகளையும் பெருக்கித் துடைக்கிற வேலை. வாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. கால் வலித்தது, உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலைக்கு மேல் மணி அடித்தது. சுவருக்குள் இருந்த, புத்தகம் மட்டும் ஏறி இறங்குகிற குட்டி லிஃப்டில் ஒரு துண்டுச் சீட்டு வந்து நின்றது. சீட்டில் எழுதியிருந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டித் தேடி, பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். மறுபடி மணி அடித்தது. மறுபடி தேடினாள்.

நிலவறைக்காரர் முந்தின வாரமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்பதும், அவர் இடத்துக்கு ஆள் போட மேலிடம் மறந்துவிட்டது என்பதும் அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. மேலிடத்துக்குத் தெரிய நான்கு வருடம் ஆயிற்று. தெரிந்ததும் ஒரு அதிகாரி இறங்கி வந்து பார்த்தார். "இந்தம்மாதான் இருக்காங்களே, அப்புறம் எதுக்கு ஆளு?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிப் போனார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கல்யாணமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் நடந்தது என்று சொல்லலாம். புத்தக லிஃப்ட் ஒருநாள் நடுவழியில் நின்றுவிட்டது. பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். ஒன்றரை மணி நேர வேலை. அதற்கு அவர் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். தினமும் ஒரு திருகைக் கழற்றுவார், மறுநாள் வந்து அதையே மாட்டுவார். எட்டாவது மாதம் கீழக்கா கேட்டாள்: "இந்த லிஃப்ட்டு சரியாகுமா ஆகாதா? இல்ல நான்தான் எதாச்சும் சொல்லணுமா?" அன்று சாயங்காலமே லிஃப்ட் சரியாகிவிட்டது.

முப்பத்தைந்து வருடம் அப்படியே ஓடியது. நிலவறையில் இருந்த இருபதாயிரம் புத்தகங்களையும் அவளுக்குத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி வருடம் அம்மை போட்டிருந்தது. எடையை வைத்து, வாசனையை வைத்து, முதுகின் நிறத்தை வைத்துத் தெரிந்துகொண்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சட்டப் புத்தகத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் அவளால் வித்தியாசம் சொல்ல முடியும். சமையல் புத்தகத்தை எடுத்தவர்கள் நக்கிய விரலோடு புரட்டியிருப்பார்கள்.

நிலவறையின் கடைசி அலமாரியில் பதினேழு புத்தகங்கள் தனியாக இருந்தன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின நாவலாசிரியர். பெரிய மனிதர்களைக் கேலி செய்து எழுதியே பெரிய மனிதர் ஆனவர். மொத்தம் பதினெட்டு நாவல். அதில் ஒன்று மட்டும் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அது மேல்மாடியில் இருந்தது. பரீட்சைக்குப் பாடமாக வைத்ததால் நாற்பது பிரதி வாங்கி, நாற்பதும் நார் நாராகிக் கிடந்தன. மீதிப் பதினேழையும் யாரும் சீண்டவில்லை. "மூன்று மாமியாரும் ஒரு கப்பலும்", "உதவித் துணை அதிகாரியின் தொப்பி", "ஏழு பொத்தான்" என்று தலைப்புகளைப் பார்த்தால் வயிற்று வலிக்காரன்கூடச் சிரிப்பான். ஆனாலும் ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை. புத்தகத்தின் முகப்பில் ஆசிரியரின் படம் இருந்தது. கிருதா இரண்டு பக்கமும் தோள் வரை வளர்ந்து, தலையை யாரோ புதருக்குள் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். மதியம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது கீழக்கா அவருக்குத் தூசி தட்டிவிடுவாள். "உனக்கும் எனக்கும் ஒரே மாடிதான்யா," என்பாள்.

இந்த நிலையில்தான் புது நூலகர் வந்தார். முப்பது வயதுப் பையன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே கண்ணாடி மெலிந்துவிட்டது. ஒரு சுற்றறிக்கையோடு இறங்கி வந்தார்.

"அக்கா, பத்து வருஷமா யாருமே எடுக்காத புத்தகத்தையெல்லாம் காகித ஆலைக்கு அனுப்பச் சொல்லி ஆர்டர். உள்ள ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். ஒரு அலமாரி காலியானாலும் நிலவறைய மூடிடலாமாம். மிச்சத்த மேல கொண்டுபோயிடலாம்."

"அப்ப நான்?"

"உங்கள வாசல்ல போடுறாங்க. வர்றவங்க பைய சோதிக்கணும்."

"அங்க நாற்காலி உண்டா தம்பி?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காந்தா பைக்குள்ள இருக்கிறது தெரியாதாம்க்கா."

கீழக்காவின் கால்களில் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே பாம்புப் பண்ணை மாதிரி ஆகியிருந்தது. அரை மணி நேரம் நின்றால் ஒவ்வொரு பாம்பும் படமெடுக்கும். எட்டு மணி நேரம் வாசலில் நிற்பதென்றால் ஒரே வழி, கால்களை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதுதான்.

நூலகர் ஏறிப் போனதும் அவள் அலமாரி அலமாரியாகத் தேதிச் சீட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு அலமாரியிலும் தப்பிப் பிழைக்க ஏதோ ஒன்றிரண்டாவது இருந்தது. கடைசி அலமாரியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. பதினேழும் ஆலைக்குப் போகும். அந்த அலமாரி காலியாகும். நிலவறை மூடப்படும்.

தேதி முத்திரை அவள் கையில்தான் இருந்தது. நினைத்தால் பதினேழு சீட்டிலும் டக் டக்கென்று குத்தியிருக்கலாம். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் அதைத்தான் சொன்னார்.

"முத்திரை உங்கிட்ட, மையி உங்கிட்ட. குத்திட்டு வாயேன்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பொய் முத்திரை போட்டதில்லங்க. எடுத்தாத்தான் குத்துவேன். நீங்க எடுங்க."

"நானா? லிஃப்ட்டு மேனுவல் தவிர நான் ஒண்ணும் படிக்கிறதில்ல, உனக்கே தெரியும்."

"படிக்கச் சொன்னனா? எடுக்கச் சொன்னேன்."

ஒரு உறுப்பினர் அட்டைக்கு மூன்று புத்தகம். பதினேழுக்கு ஆறு பேர் வேண்டும். கணவர் ஒன்று. இரண்டாவது, கணவரின் தங்கை. வீட்டோடு இருக்கிற அந்த நாத்தனார் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள், வாய் மட்டும் மிஷினைவிட வேகமாக ஓடும். மூன்றாவது, சலூன் வைத்திருக்கும் தம்பி. மீதி மூன்று பேரைத் தம்பியே பிடித்துக் கொடுத்தான். முடி வெட்ட உட்கார்ந்தவர்களின் கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு, உறுப்பினர் விண்ணப்பத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் அடுத்த பக்கம்.

ஆக, பதினேழு நாவலும் நூற்றைம்பது வருடத்தில் முதல்முறையாகச் சேர்ந்து வெளியே கிளம்பின. கணவர் மூன்றையும் வேலைக்கு எடுத்துப் போனார். லிஃப்ட் எடை தாங்குகிறதா என்று பார்க்க அவை வசதியாக இருந்தன. சலூனில் சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலியில் உயரத்துக்கு அடுக்கினார்கள். மாமியார்களின் கப்பல்மேல் ஏறி உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகள் அழுதன. நாத்தனார் துணி வெட்டும்போது நகராமல் இருக்க நான்கு மூலையில் மூன்று மூலைக்கு அவற்றை வைத்தாள். நான்காவது மூலைக்கு இஸ்திரிப் பெட்டி.

இரண்டு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. கீழக்கா முத்திரை குத்தினாள். மறுபடி அனுப்பினாள், மறுபடி குத்தினாள். ஒரு தடவை போதாதா என்றால் போதும்தான். ஆனால் அவளுக்குக் கை வந்துவிட்டது.

அங்கேதான் கெட்டது. மாதக் கடைசியில் நூலகர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கிளையிலேயே அதிகம் வாசிக்கப்படும் எழுத்தாளர் யார் என்ற கட்டத்தில் புதர்க் கிருதாக்காரரின் பெயர் வந்து நின்றது. அதுவும் அவருடைய புகழ்பெற்ற நாவலை விட்டுவிட்டு, யாருமே கேள்விப்படாத பதினேழால். மேலிடம் புல்லரித்துப் போயிற்று. நூலகர் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார்.

"அக்கா! வாசகர் சந்திப்பு வைக்கிறாங்க! அந்த ஆறு வாசகர்களையும் மேடையில உக்கார வைக்கணுமாம். பேச வர்றது யாரு தெரியுமா? டாக்டர்! இந்தப் பதினேழு நாவலப் பத்தி நாட்டுலயே ஆராய்ச்சி பண்ணி பட்டம் வாங்கினவர் அவர் ஒருத்தர்தான். நிலவறை இருக்கணுமா வேணாமான்னு அவர்தான் அறிக்கை எழுதப் போறாரு."

"எப்போ?"

"வர்ற சனிக்கிழமை."

மாத்திரை எழுதத் தெரியாத அந்த டாக்டரைக் கீழக்காவுக்கு ஞாபகம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒல்லியாக, மடக்கிய குடை மாதிரி இருப்பார். இந்தப் புத்தகங்களை எடுத்துப் போனார், புதுப்பித்தார், புதுப்பித்தார், திருப்பிக் கொடுத்தார். பழைய முத்திரைகள் அவருக்குக் குத்தியவைதான்.

அன்று மாலை வீட்டில் அவசரக் கூட்டம். ஆளுக்கு ஒரு நாவலாவது படித்தே ஆகவேண்டும் என்று கீழக்கா உத்தரவு போட்டாள். தம்பி தலையில் கை வைத்தான். "அக்கா, அதுல முதல் வாக்கியமே ஒன்றரைப் பக்கம் போகுது. முடிக்கிறதுக்குள்ள தலைக்கு மேல தண்ணி வந்துருது."

"நீ முடி வெட்டும்போது சொல்ற கதையவிடவா?"

கணவர் மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போனார். நாத்தனார் மட்டும் "ஏழு பொத்தான்" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தொழிலாச்சே," என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கையில் கத்திரிக்கோலோடு நிலவறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, இது புத்தகமா தலையணை உறையா? நாப்பத்தெட்டாம் பக்கத்துக்கு மேல எல்லாம் ஓரத்துல ஒட்டிக் கெடக்கு. பொத்தான் தெச்சவன் கப்பல்ல ஏறிட்டான், அங்கயே நிக்குது கதை. எனக்கு மண்ட காயுது."

கீழக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள். வாங்கியவர்தான் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பிரித்துப் படிக்க வேண்டும். நாற்பத்தெட்டு பக்கம் வரை யாரோ கீறியிருந்தார்கள். அதற்கு மேல் முந்நூறு பக்கம், அச்சகத்திலிருந்து வந்த கன்னித்தாள். அலமாரியில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கதைதான். ஒன்றில் அறுபது பக்கம், ஒன்றில் முப்பது. "உதவித் துணை அதிகாரியின் தொப்பி"யில் முன்னுரை மட்டும்.

"வெட்டலாமா அண்ணி?"

"வெட்டு," என்றாள் கீழக்கா. "நேரா வெட்டு. கோணலா வெட்டினா உன்ன வாசல்ல நிக்க வைப்பேன்."

சனிக்கிழமை மேடையில் ஆறு நாற்காலி. ஐந்தில் உட்கார்ந்தவர்கள் பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். டாக்டர் இப்போது குடையை விரித்த மாதிரி ஆகியிருந்தார். ஒரு மணி நேரம் பேசினார். புருவமும் கையும் தனித்தனியாகப் பேசின. சுவரோரம் நின்றுகொண்டிருந்த கீழக்காவின் காலில் பாம்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"ஏழு பொத்தான் நாவலின் உச்சம் எது?" என்றார் டாக்டர். "ஒரு பிரபுவின் கோட்டில் எட்டில் ஒரு பொத்தான் விழுந்துவிடுகிறது. அதுதான் புது நாகரிகம் என்று நினைத்து ஊரே ஆளுக்கொரு பொத்தானை வெட்டி எறிகிறது. பொத்தானைச் சரியாகத் தைக்காத தையல்காரன் பயந்து கப்பல் ஏறுகிறான். நடுக்கடலில், கையில் அந்த எட்டாவது பொத்தானோடு, உயிர் விடுகிறான். கண்ணீர் வராதவர் உண்டா?"

"யாரு செத்தா?" என்றது மேடையிலிருந்து ஒரு குரல். நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்தத் தையல்காரன்மா."

"அவன் எங்க செத்தான்? அடுத்த துறைமுகத்துலயே எறங்கி வேற பேர்ல ஊருக்குத் திரும்பி வந்துட்டானே! ஊரெல்லாம் வெட்டிப்போட்ட பொத்தானப் பொறுக்கி மூட்டையா கட்டி வெச்சுக்கறான். ஒரு வருஷம் கழிச்சு எட்டுப் பொத்தான்தான் புது நாகரிகம்னு கிளப்பி விட்டுட்டு, அதே பொத்தான அவங்களுக்கே தெச்சுக் குடுக்கறான். சிரிச்சு சிரிச்சு எனக்கு ஊசி விரல்ல ஏறிருச்சு. இங்க பாருங்க."

விரலைக் காட்டினாள். கூட்டம் விரலையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தது. டாக்டரின் முகம் வெளுத்த துணி மாதிரி ஆயிற்று. "நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்... குறியீட்டு மரணம்..." என்று ஆரம்பித்தார்.

"செத்தவன் எப்படிங்க கல்யாணம் பண்ணுவான்? மூணு பிள்ள வேற!"

நூலகர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கீழக்காவுக்குப் புரிந்தது. நாத்தனார் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினால், ஒட்டிக்கிடந்த பக்கம் என்ற சொல் வந்துவிடும். வந்தால் டாக்டரின் இருபத்திரண்டு வருடம் போகும். போகும்போது அறிக்கை எழுதுகிற பேனாவையும் கையோடு கொண்டுபோவார்.

"ரெண்டும் சரிதாங்க," என்றாள் கீழக்கா, சுவரோரத்திலிருந்து.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அந்தக் கதைக்கு ரெண்டு முடிவு. டாக்டர் சொல்றது மத்த ஊர்ல இருக்கிற பதிப்பு. அதுல செத்துட்டான். இவ சொல்றது நம்ம நிலவறையில இருக்கிறது. அதுல பொழச்சுக்கிட்டான். இது வேற எங்கயும் கிடையாது."

முத்திரையில் அவள் பொய் குத்தியதில்லை. வாயால் சொன்னது வேறு கணக்கு. டாக்டர் நீரில் தத்தளித்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பற்றிக்கொண்டார். "ஆம்! அந்த அரிய பதிப்பைப் பற்றி நான் இப்போதுதான் சொல்ல வந்தேன்!" என்றார். கைதட்டல் கூரையைத் தூக்கி அடுத்த தெருவில் வைத்தது.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் நிலவறைக்குத் தனியாக இறங்கி வந்தார். கீழக்கா "ஏழு பொத்தானை" எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் புரட்டினார். நாற்பத்தெட்டாம் பக்கம் வரை ஓரம் பழுப்பு. அதற்கப்புறம் புது வெட்டு, பால் மாதிரி வெள்ளை.

"இது எப்ப வெட்டினது?"

"போன செவ்வாக்கிழமை சார்."

டாக்டர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்டிலைப் பார்த்தபடி சொன்னார்.

"மொத்தம் பதினேழும்மா. ரெண்டு வருஷம்தான் டைம் குடுத்தாங்க. முதல் வாக்கியமே ஒன்றரைப் பக்கம்."

"எந்தம்பியும் அதான் சார் சொன்னான்."

"யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

"அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?"

டாக்டர் பேனாவை எடுத்தார். மேசைமேலேயே வைத்து எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். இந்தப் பதினேழு நூல்களும் உலகில் வேறெங்கும் இல்லாத பதிப்பு. நிலவறை நிரந்தரமாக இருக்க வேண்டும். பொறுப்பாளரை மாற்றக் கூடாது. நூல்களை எக்காரணத்தைக் கொண்டும் யாரும் தொடக் கூடாது, படிக்கக் கூடாது.

கடைசி வரியில் கீழக்கா விரலை வைத்தாள். "சார், இதை மட்டும் மாத்துங்க. எங்க நாத்தனா அடுத்த புத்தகத்துல பாதியில நிக்கிறா. மூணு மாமியாருக்கும் கப்பல்ல சண்ட நடந்துட்டிருக்கு. முடிக்க விடலன்னா அவ எங்கிட்ட ஆரம்பிச்சிருவா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அடித்துத் திருத்தினார். நூல்களை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. படிக்க விரும்புவோர் நிலவறையிலேயே அமர்ந்து, பொறுப்பாளரின் முன்னிலையில் படிக்கலாம்.

மேலிடம் அந்த அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்தது, பூட்டு வந்தது, சாவி கீழக்காவின் இடுப்புக்கு வந்தது. இன்னொரு நாற்காலிக்கும் விண்ணப்பம் போனது. மேலிடம் இரண்டு மாதம் ஆலோசித்து, ஒரு நிலவறைக்கு ஒரு நாற்காலி என்பதே விதி என்று பதில் எழுதியது. வாசகர் அமர்ந்து படிக்க வேண்டும் என்று அறிக்கையில் தெளிவாக இருந்தது. பொறுப்பாளர் அமர வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

நாத்தனார் தினமும் மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கத்திரிக்கோலால் நான்கு பக்கம் கீறுவாள், படிப்பாள், தனியாகச் சிரிப்பாள், மறுபடி நான்கு பக்கம் கீறுவாள். பொறுப்பாளர் முன்னிலையில் இருக்க வேண்டுமே, அதனால் கீழக்கா பக்கத்திலேயே, அலமாரியில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருப்பாள்.

"ஏண்டி, கொஞ்சம் எந்திரியேன். கால் உசுர எடுக்குது."

"வாசகர் அமர்ந்துதான் படிக்கணும் அண்ணி. சட்டம்."

"அந்தச் சட்டத்தை எழுத வெச்சதே நான்தான்டி!"

"அப்ப பேசாம நில்லுங்க. ரெண்டாவது மாமியார் ஒருத்திய கப்பல விட்டுக் கீழ தள்ளிட்டா."

கீழக்கா காலை மாற்றி நின்றாள். அப்புறம் குனிந்து நாத்தனாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாரைடி? மூத்தவளையா, சின்னவளையா?"

"இருங்க, இன்னும் வெட்டல."